கண்ணாடிப் பேழையும் கதைப் பித்தரும்

விந்தைக் கதைகளிலும் அறிவியல் புனைகதைகளிலும் மூழ்கிக் கிடப்போரை ஆங்கிலத்தில் 'கீக்' என்பர். அமெரிக்கக் கேளிக்கைச் சந்தைகளில் அருவருப்பான வித்தை காட்டிப் பிழைத்தவனை ஒரு காலத்தில் குறித்த சொல் அது. பின்னர் வசையாயிற்று; இன்றோ அதனைப் பெருமையாகவே சூடிக்கொள்கின்றனர். தமிழாசிரியர்க்கு இது புதுமையன்று. சுந்தரர் வாயில் வசையாய்ப் பிறந்த 'பித்தன்' என்னும் சொல், அவர்தம் முதற் பதிகத்திற்கே தொடக்கமாயிற்றன்றோ? ஆதலின் இவர்களைக் 'கதைப் பித்தர்' என்றே அழைப்போம். இவர்களுக்கு நம் தமிழ் வகுப்பில் இடம் உண்டா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926-இல் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழ், வாசகர் கடிதங்களை முகவரியோடு வெளியிட்டது. ஊருக்கு ஒருவராய்த் தனித்திருந்தோர் தம்முள் எழுதிக்கொண்டனர், மன்றங்கள் எழுந்தன. நமக்கும் இது பழகிய வழியே. 1950களில் 'தமிழ் முரசு' நாளிதழின் மாணவர் மணிமன்றப் பகுதியில் எழுதிய சிறுவர் சிறுமியர், ஒருவரையொருவர் எழுத்தால் அறிந்து, பின்னர் ஊர்தோறும் மன்றம் கண்டனர். லயத்துப் பிள்ளைக்கும் பட்டணத்துப் பிள்ளைக்கும் ஓர் ஏடு பொதுமுற்றமாயிற்று.

ஆயினும் கூடுவோர் கதவடைக்கவும் கற்றுக்கொள்கின்றனர். 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியபோது, டொனால்டு வொல்ஹைம், பிரெடரிக் போல் உள்ளிட்ட அன்பர் சிலர் உட்பூசலால் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர். உலகம் ஒதுக்கியது என வருந்தியோர், தம்முள் சிலரைத் தாமே ஒதுக்கினர். அந்நோய் இன்னும் தீர்ந்தபாடில்லை. புதிதாய் வருவோரிடம், குறிப்பாகப் பெண்களிடம், தேர்வு வைப்போர் உளர். 1972-இல் முத்து காமிக்ஸ் தந்த இரும்புக்கை மாயாவியைத் தெரியுமா, சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் நாயின் பெயர் யாது என்று கேட்டு, விடை தடுமாறினால் புறந்தள்ளுவது வாசகர்க்கு அழகன்று.

மலாக்காத் தமிழ்ப் பிள்ளையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஆங்கிலக் கதைப் பித்தரிடையே அவன் மொழி அறியப்படாதது. தமிழ் வகுப்பிலோ அவன் விரும்பும் நூல் வெறும் பொழுதுபோக்கு. தோட்டங்கள் கைமாறிக் குடும்பங்கள் தாமான்களுக்குப் பெயர்ந்தபின், கூடிப் படிக்கும் இடமும் சுருங்கிற்று.

ஆனால் அவன் அந்நியன் அல்லன். மலாக்கா அரசின் வரலாறு கூறும் 'செஜாரா மெலாயு'வைப் புரட்டிப் பாருங்கள். சோழரை நினைவூட்டும் பெயருடைய ராஜா சூலான், உள்ளிருந்து பூட்டத்தக்க கண்ணாடிப் பேழையில் அமர்ந்து கடலடிக்கு இறங்குகிறான். ஆங்கே ஒரு நாடு, அதற்கோர் அரசன். தம் உலகன்றி வேறோர் உலகும் உண்டோ என அவ்வரசன் வியக்கிறான். அறிவியல் புனைகதையின் உயிர்நாடியான வினா இதுவே. வந்தவனின் தகுதியை அவன் சோதிக்கவில்லை; வரவேற்று, மகளையும் மணமுடித்துத் தருகிறான். அவ்வழித் தோன்றியோரே மலாய் மன்னர்க்கு முன்னோர் என்கிறது ஏடு. இந்நூலை முதன்முதல் அச்சேற்றிய முன்ஷி அப்துல்லா, மலாக்காவில் 1796-இல் பிறந்து, அங்கேயே தமிழும் கற்றவர்.

இக்கதையை வரலாறென்று நம்ப வேண்டுவதில்லை. கதையாகச் சுவைத்தல் போதும். ஆசகான் வட்டாரத்தில் லெடாங் மலையை நாள்தோறும் காணும் பிள்ளைக்கு, அம்மலை இளவரசி சுல்தானிடம் பொற்பாலமும் வெள்ளிப்பாலமும் ஏழு தட்டுக் கொசு இதயமும் கேட்ட கதையும் உரியதே. விந்தை அவன் வாசலிலேயே நிற்கிறது. அதனைத் தமிழில் பேச ஓர் இடம் இல்லாமையே குறை.

எனவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்க் கழகக் கூட்டத்தில் மாதம் ஒரு நாழிகை இவர்களுக்கு ஒதுக்குங்கள். அம்புலிமாமாவாயினும், படக்கதையாயினும், விண்வெளிப் புனைவாயினும், படித்ததைத் தமிழில் சொல்லச் செய்யுங்கள். 'இன்னும் எதைப் படிக்கவில்லை?' என்று கேட்டால் பிள்ளை வாய்மூடும். 'எது உனக்குப் பிடித்தது?' என்று கேட்டால் பேசும். பேசும் பிள்ளையிடமே தமிழ் நிலைக்கும்.