ஒரே ஆண்டு, ஒரே உடல், இரண்டு கமாரோ

இரண்டுமே 1969 மாடல் ஷெவர்லே கமாரோ. அதே நீண்ட பானெட், சக்கர வளைவுகளின் மேலிருந்து பின்பக்கம் நோக்கி ஓடும் அதே மடிப்பு. ஒன்றை அதன் சொந்தக்காரர் டெட்ராய்ட்டின் வடக்குப் புறநகர்ச் சாலைகளில் ஓட்டுவதற்காக மாற்றியிருக்கிறார். மற்றது கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்கோட்டில் ஓடுவதற்கு மட்டும். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. பழைய மஸில் காரை ரோட்டுக்குத் தயார் செய்வதும் ரேஸுக்குத் தயார் செய்வதும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று கேட்டால் பெரும்பாலானோர் எஞ்சினைக் காட்டுவார்கள். எனக்கு அது பின் ஆக்சிலில்தான் பிரிகிறது.

ரோட்டு வண்டியை முதலில் பார்ப்போம். ஷெவர்லேயின் 350 கன அங்குல வி8 பிளாக்கைச் சற்றே குடைந்து, பழைய 400 எஞ்சினின் ஸ்ட்ரோக் கொண்ட கிராங்க் ஷாஃப்டைப் போட்டால் 383 கன அங்குலம் கிடைக்கும். ஏறக்குறைய 6.3 லிட்டர். அமெரிக்கப் பட்டறைகளில் கண்ணை மூடிக்கொண்டு கட்டக்கூடிய எஞ்சின் இது. கம்ப்ரெஷன் 9.5க்கு 1, ஆகவே சாதாரணப் பங்க்கில் கிடைக்கும் 93 ஆக்டேன் பெட்ரோல் தாராளமாகப் போதும். (இந்த 93ஐ நம்மூர்ப் பங்க்கில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். அமெரிக்காவில் இரண்டு அளவீட்டு முறைகளின் சராசரியைப் போடுகிறார்கள். நம் கணக்கில் அது 97, 98 வரும்.) கார்புரேட்டர் இருந்த இடத்தில் அதே உருவத்தில் ஓர் எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்ஷன். ஏர் ஃபில்டரால் மூடிவிட்டால் வித்தியாசமே தெரியாது. மிச்சிகனின் அக்டோபர் குளிரில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. பழைய கார்புரேட்டரோடு காலையில் மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எஞ்சினைப் பற்றி இவ்வளவு போதும். இந்த வண்டியை ஓட்டத்தக்கதாக ஆக்குவது அதற்குப் பின்னால் இருக்கிறது. டிரெமெக் ஐந்து கியர் மேனுவல் பெட்டி, அதில் ஐந்தாவது கியரின் விகிதம் 0.68. பின் ஆக்சிலின் கிரௌன் – பினியன் விகிதம் 3.73. டயரின் உயரம் 26 அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல், அதாவது 113 கிலோமீட்டரில் எஞ்சின் ஏறக்குறைய 2,300 சுற்றில் ஓடுகிறது. அந்த ஐந்தாவது கியர் இல்லாமல் பழைய நான்கு கியர் பெட்டியே இருந்திருந்தால் அதே வேகத்தில் 3,400 சுற்று. ஒரு மணி நேரம் அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து யாரும் வண்டியை ரசிக்க முடியாது. இழுவைக்கு 3.73, நிதானத்துக்கு 0.68. 1969இல் இந்த இரண்டையும் சேர்த்து ஷோரூமில் வாங்கவே முடியாது. அன்று விறுவிறுப்பான பின் விகிதம் கேட்டவர்கள் காதை அடகு வைத்துத்தான் நெடுஞ்சாலையில் போனார்கள்.

ஓட்டிய இடம் உட்வர்ட் அவென்யூ. எட்டு மைல் சாலையருகே ஃபெர்ன்டேலில் தொடங்கி பர்மிங்ஹாம் வழியே பான்டியாக் நோக்கிப் போனோம். நடுவே புல்திட்டு, இருபுறமும் அகலமான தடங்கள், சீரான இடைவெளியில் சிக்னல்கள். 1960களில் சிக்னலுக்குச் சிக்னல் இங்கே பந்தயம் நடந்ததில் ஆச்சரியமே இல்லை. ரோடே அதற்குப் போட்டது போலத்தான் இருக்கிறது. 1995இல் தொடங்கி, ஆகஸ்டு மாதங்களில் இதே சாலையில்தான் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் நடக்கிறது. சொந்தக்காரர் திருச்சியில் படித்து, கார்த்துறை வேலையாக நோவாய்க்கு வந்து குடியேறிய தமிழர். பக்கத்து சீட்டிலிருந்து, "ரெண்டாவதுலயே போங்க, அதுவே இழுத்துக்கும்" என்றார். சரிதான். 1,500 சுற்றிலேயே தள்ள ஆரம்பிக்கிறது.

அசல் கமாரோவின் பெரிய குறை, வளைவில் வெளிப்பக்க முன்டயர் தரையைப் பற்றாமல் வெளியே சாய்வது. மேல் கட்டுப்பாட்டுக் கையின் பொருத்துமிடத்தைச் சற்றே கீழிறக்கித் துளையிட்டால் இது பெருமளவு சரியாகிவிடும். ரேஸ் ஓட்டுநர் டிக் கல்ட்ஸ்ட்ராண்டின் பெயரால் வழங்கும் இந்த வேலைக்கு ஒரு டிரில்லும் பொறுமையும் போதும். இதைச் செய்திருக்கிறார்கள். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். இந்த உடலின் முன்பாதி தனிச் சட்டமாகப் போல்ட்டில் தொங்குகிறது. அதைப் பின்பாதியோடு இணைக்கும் இரும்புக் குழாய்களும் உண்டு. மிச்சிகனின் பள்ளங்களில் கதவு கிடுகிடுக்கவில்லை.

குறைகள் இல்லாமலில்லை. கிளட்ச் கனம். தரையிலிருந்து வரும் சூடு வலது காலைச் சுடுகிறது. பின்சீட் பெயருக்குத்தான். ஸ்டீயரிங் புதிதாகப் போட்ட வேகப் பெட்டி. நேராகப் போகும்போது கொஞ்சம் பதற்றமாக இருக்கிறது. பணம் என்னுடையது என்றால் அதை ஒரு படி மெதுவானதாகப் போட்டிருப்பேன்.

ரேஸ் வண்டி வேறு ஜாதி. 454 பிக் பிளாக்கிலிருந்து விரித்தெடுத்த 496 கன அங்குலம், 8.1 லிட்டர். கம்ப்ரெஷன் 13க்கு மேல்; பங்க் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டனைப் பொறுக்கி எடுக்க வேண்டியதுதான், 110 ஆக்டேன் ரேஸ் பெட்ரோலை டப்பாவில் வாங்குகிறார்கள். சிலிண்டர் சுவர்கள் நெளியாமல் இருக்க பிளாக்கின் தண்ணீர்ப் பாதையில் பாதியளவு சிமெண்டு போன்ற ஒரு கலவையை ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். பத்து விநாடி ஓடும் எஞ்சினுக்கு அவ்வளவு தண்ணீர் எதற்கு? பின்னால் இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு ஆட்டோமேட்டிக், 4.56 பின் விகிதம், 28 அங்குல ஸ்லிக் டயர். டிஃபரன்ஷியலே கிடையாது, ஸ்பூல் போட்டு இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டியிருக்கிறார்கள். இதை நெடுஞ்சாலையில் 70 மைலில் ஓட்டினால் ஆட்டோமேட்டிக்கின் டார்க் கன்வர்ட்டர் வழுக்கலைச் சேர்க்காமலே 3,800 சுற்றைத் தாண்டும்.

இந்த வண்டி 10 விநாடிக்குள் கால் மைலைக் கடக்கும். அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏயின் விதிப்படி 9.99 விநாடியோ அதற்கும் குறைவாகவோ ஓடும் இந்த வயதுக் காரின் சேஸிஸுக்குச் சான்றிதழ் வேண்டும், ஓட்டுபவருக்குத் தனி உரிமம் வேண்டும். எனக்கு உரிமம் இல்லை. அதனால் பாதி தூரத்தில் காலை எடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. தண்ணீர்க் குட்டையில் பின்டயரைச் சுழற்றிச் சூடாக்கி, கோட்டுக்கு வந்து, டிரான்ஸ் பிரேக் பொத்தானை அழுத்திப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் அலறுகிறது, வண்டி அசைவதில்லை. மஞ்சள் விளக்கு இறங்கும்போது பொத்தானை விட்டேன். முதல் விநாடியில் வானம்தான் தெரிந்தது. முன்பக்க ஷாக் அப்சார்பர்கள் சட்டென நீண்டு மெதுவாகச் சுருங்கும் வகை. மூக்கு தூக்கினால் எடை முழுக்கப் பின்டயரில் இறங்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. அது அப்படியே நடக்கிறது. வண்டி நேராகவும் போனது. இவ்வளவு முரட்டுத்தனத்தை இவ்வளவு ஒழுங்காகக் கட்டியவரைப் பாராட்ட வேண்டும்.

அதே வண்டி ஓடி முடித்துத் திரும்பி வரும் பாதையில் படுத்திய பாடு தனிக் கதை. பூட்டிய பின்சக்கரங்கள் திரும்ப மறுத்து முன்பக்கத்தை நேராகத் தள்ளுகின்றன. தூக்குவதற்கென்றே அமைத்த முன் ஷாக்குகள் சின்ன மேட்டிலும் மிதக்கின்றன. வெப்பமானி முள் விறுவிறுவென ஏறியது. பாதி அடைத்த பிளாக்கில் ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

ரேஸ் பாகங்களில் கேம் ஷாஃப்ட்தான் ரோட்டுக்காரர்களை அதிகம் மயக்கும் பொருள். நிற்கும்போது வண்டி தடதடவென்று குலுங்கும் அந்த ஓசைக்காகவே கேம் வாங்குகிறார்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் பொழுதை நீட்டினால் உச்சச் சுற்றில் காற்று நன்றாக நிரம்பும். ஐட்லிங்கிலோ எரிந்த புகை உள்ளே கலந்து எஞ்சின் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைத்தான் நாம் சங்கீதமாகக் கேட்கிறோம். அதற்கு ஈடாக இன்டேக்கின் வெற்றிட இழுப்பு குறைகிறது, பிரேக் பூஸ்டர் சோர்ந்துவிடுகிறது. ரேஸ் வண்டியின் சாலிட் ரோலர் லிஃப்டர்களுக்கு இன்னொரு சிக்கல்: சுழலும் கிராங்க் தெறிக்கும் எண்ணெயைத்தான் அவை பெரிதும் நம்பியிருக்கின்றன. சிக்னலில் நெடுநேரம் மெல்ல ஓடினால் தெறிப்பு போதாது, வால்வு ஸ்பிரிங்கின் கடும் அழுத்தத்தில் உருளைகள் தேயும். பந்தயத்தில் உழைக்கும் பாகம் ஓய்வில் சாகிறது.

சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று ரோல் கேஜ். படத்துக்கு அழகாக இருக்கிறது என்று ரோட்டு வண்டியில் வைக்கிறார்கள். ஹெல்மெட்டும் ஐந்து முனை பெல்ட்டும் போட்டுக்கொண்டவருக்கு அது உயிர்காக்கும் கூண்டு. தொப்பியோடு கடைக்குப் போகிறவரின் தலைக்குப் பக்கத்தில் அது வெறும் இரும்புக் குழாய். ஓரத்திலிருந்து ஒரு வண்டி இடித்தால் தலை அதில்தான் மோதும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வண்டி என்ற இந்தப் பிளவு பின்னால் வந்த பட்டறைக்காரர்கள் உண்டாக்கியதல்ல. 1969இல் ஷெவர்லேயே இரண்டு பக்கமும் விற்றது. டிரான்ஸ் – ஆம் சுற்றுப் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்குள் அடங்க 302 கன அங்குல எஞ்சினோடு இசட்/28; அதைக் கொண்டுதான் ரோஜர் பென்ஸ்கியின் அணியில் மார்க் டொனஹ்யூ 1968, 1969 பட்டங்களை வென்றார். மறுபக்கம் அலுமினிய 427 எஞ்சின் போட்ட இசட்எல்1, வெறும் 69 கார்கள். இல்லினாய் மாநிலத்தின் டீலர் ஃப்ரெட் கிப் 50 கார்களுக்கு ஆர்டர் கொடுத்தார். அந்த எஞ்சினுக்கு மட்டுமே 4,000 டாலருக்கு மேல் விலை வந்ததால், விற்காத பலவற்றைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இசட்/28ஐயும் அன்றாடம் ஓட்டியவர்கள் குறை சொன்னார்கள்: கீழ்ச் சுற்றில் இழுவையே இல்லை. இன்று இரண்டுமே பொக்கிஷங்கள், துளையிட யாரும் துணிய மாட்டார்கள். ஆறு சிலிண்டரோடும் சின்ன வி8ஓடும் வந்த சாதாரணக் கமாரோக்கள்தான் மாற்றியமைக்க ஏற்றவை.

இரண்டும் ஒரே வண்டியில் முடியாதா? முடியும் என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹாட் ராட் பத்திரிகை 2005இல் தொடங்கிய டிராக் வீக்கில் ஐந்து நாள் டிராக்கில் ஓடி, இடையே 1,000 மைல் பொதுச்சாலையில் அதே காரை ஓட்ட வேண்டும். மிச்சிகனின் டாம் பெய்லி 1969 கமாரோ உடல் போர்த்திய வண்டியில் 2019இல் அங்கே 6 விநாடிக்குள் கால் மைலைத் தொட்டார். அந்த வண்டியில் 1969 என்பது உடல்தோற்றம் மட்டுமே. டர்போ அழுத்தத்தைக் கம்ப்யூட்டரில் குறைக்கலாம், பெட்ரோலை மாற்றலாம், டயரைப் பின்னால் ஒரு குட்டி டிரெய்லரில் இழுத்துப் போகலாம். இத்தனைக்கும் பணமும் பட்டறையும் உள்ளவருக்கு வழி உண்டு. மற்றவர்கள் "ரெண்டுக்கும் ஆகும்" என்று கட்டும் வண்டி, என் அனுபவத்தில், சிக்னலில் கொதிக்கும், டிராக்கில் வழுக்கும்.

எனக்கு ஒன்றைக் கொடுப்பதானால் ரோட்டு வண்டியைத்தான் எடுப்பேன், கிளட்சோடு சேர்த்து. புதிதாகக் கட்டுகிறவர் முதல் பணத்தைப் பிரேக்கிலும் ரேடியேட்டரிலும் ஓவர்டிரைவ் கியர்ப் பெட்டியிலும் போடட்டும். 383ஐ அடுத்த ஆண்டு வாங்கலாம். ஏற்கெனவே மாற்றிய வண்டியை வாங்கப் போகிறவர் குதிரைத்திறனைக் கேட்க வேண்டாம். 1972க்கு முன்பு விளம்பரத்தில் போட்டவை, பெல்ட்டும் சைலன்சரும் இல்லாத எஞ்சினை அளந்த எண்கள். பட்டறைக்காரர் வாயால் சொல்பவை அதைவிடத் தாராளம். பின் விகிதம் என்ன, டயர் உயரம் என்ன, கம்ப்ரெஷன் என்ன, எந்தப் பெட்ரோல் என்று கேளுங்கள். நான்குக்கும் தயங்காமல் பதில் வந்தால் சோதனை ஓட்டத்துக்குச் சாவி கேட்கலாம். அதுவும் எஞ்சின் சூடான பிறகு, மாலை நெரிசலில்.