தொகைநூலும் இசைத்தொகுப்பும்

'ஆல்பம்' என்னும் சொல் முதலில் பாட்டைக் குறித்ததன்று, ஏட்டைக் குறித்தது. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடப் பாட்டுக்கே இடமிருந்தது. நீண்ட இசையைப் பதிவு செய்யுங்கால் தட்டுகள் பலவாயின. அவற்றைத் தாளுறைகளில் இட்டு, நிழற்பட ஏடு போலக் கட்டடம் செய்து விற்றனர். 1948-இல் நெடுநேர இசைத்தட்டு வந்து அவ்வேட்டுக்கு வேலையின்றிப் போன பின்னும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஒலிநாடா, குறுவட்டு ஆகியவற்றைக் கடந்து இன்று கைப்பேசி வரை அது வந்திருக்கிறது.

இதற்கு நிகரான பெயரைத் தமிழ் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 'தொகை' என்பது நம் பழஞ்சொல். பாடியோர் பலர், காலம் பல, இடம் பல. எனினும் ஒரு நூல் என்று உணருமாறு கோத்தவர்கள் எட்டுத்தொகையைத் தொகுத்தோர். அவர்களுள் அகநானூற்றைக் கோத்தவரின் திறம் தனியே எண்ணத்தக்கது. ஒற்றைப்படை எண் பெற்றவை எல்லாம் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். இவ்வொழுங்கே நானூறு பாட்டுக்கும் செல்கிறது. பிரிவு ஒன்றுவிட்டு ஒன்று வந்துகொண்டே இருக்கும். இடையிடையே மற்ற நிலங்கள் தலைகாட்டும். எப்பாட்டுக்குப் பின் எப்பாட்டு என்பதும் ஒரு கலையே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. கைப்பேசியில் பாடல்களைக் குலுக்கிப் போட்டுக் கேட்கும் இந்நாளில் முதலில் அழிவது இந்த வரிசைதான்.

பரிபாடலில் இன்னொரு செய்தி உண்டு. பாடலின் அடியில் பாடியவர் பெயரும், இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. மூன்றாம் பாடலைப் பாடியவர் கடுவன் இளவெயினனார்; இசை வகுத்தவர் பெட்டனாகனார்; பண் பாலையாழ். அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்னரே தமிழன் காட்டிய இந்நேர்மையை இன்றைய வெளியீடுகளில் எத்தனை காட்டுகின்றன? இவ்வினாவைக் கையில் கொண்டு அண்மைக்காலத் தொகுப்புகள் சிலவற்றை நோக்கலாம். கோத்தா கோலா மூடா, சுங்கைப் பட்டாணி வட்டாரத் தமிழாசிரியர்கள் வகுப்பறைக்குக் கொண்டு செல்லத் தக்கவையே இங்குக் கருதப்படுகின்றன. திரைப்படப் பாடல்களை யாரும் பரிந்துரைக்க வேண்டியதில்லை. அவை தாமே வந்து சேர்ந்துவிடும்.

முதலாவது 'சந்தம்'. அமெரிக்காவில் வாழும் ராஜன் சோமசுந்தரம் சங்கப் பாடல்களுக்கு இசையமைத்து, டர்ஹாம் சிம்பொனி இசைக்குழுவினரின் துணையுடன் 2020-இல் வெளியிட்டது. புறநானூற்றின் 192-ஆம் பாட்டாகிய கணியன் பூங்குன்றனார் பாடல் இதில் இடம்பெற்றிருக்கிறது. ஆசிரியப்பாவுக்கு அகவலோசை உரியது. அது நடந்து செல்லும் ஓசை. திரும்பி வரும் ஓசையன்று. மெட்டு என்பதோ திரும்பி வருவதிலேயே உயிர் பெறுவது. ஆதலின் சங்கப் பாட்டுக்கு மெட்டமைக்கும் எவருக்கும் ஓர் இடர்ப்பாடு காத்திருக்கிறது. முதலடியைப் பல்லவியாக்கிப் பன்முறை பாடினால் கேட்போர் உள்ளத்தில் அந்த அடி மட்டுமே நிற்கும். பூங்குன்றனார் பாட்டின் உயிரோ பிற்பகுதியில் இருக்கிறது. மழை பெய்து, கல்லை மோதி ஒலித்து ஓடும் பேராற்றின் வழியே போகும் புணையை உயிர் வாழ்க்கைக்கு உவமை காட்டும் இடம் அது. மூடா ஆற்றின் முகத்தில் படகுகளைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இவ்வுவமையை விளக்க உரைநூல் வேண்டுமோ? ஆசிரியர் இசையை ஒலிக்கவிட்ட பின் பாட்டின் பதின்மூன்று அடிகளையும் ஒருமுறை நிறுத்தி ஓதிக் காட்டுதல் நலம். இசை வாயிலைத் திறக்கும். உள்ளே அழைத்துச் செல்லும் வேலை ஆசிரியருடையது.

இரண்டாவது, 2005-இல் இளையராஜா வெளியிட்ட திருவாசகம். புடாபெஸ்டு நகரத்து இசைக்குழுவினர் இதற்கு வாசித்தனர். ஆங்கில வரிகளை ஸ்டீபன் சுவார்ட்ஸ் எழுதினார். ஆறே பகுதிகள். ஓதுவார் மரபில் திருவாசகத்தை மோகன இராகத்தில் ஓதுவது வழக்கம். அவ்வொரு பண்ணின் எளிமையில் சொல் முன்னே நிற்கும். பாடுபவர் பின்னே நிற்பார். இளையராஜாவின் அமைப்பில் நூறு வாத்தியங்கள் எழுந்து நிற்கின்றன. சில இடங்களில் அவ்வெழுச்சி மெய்யாகவே உள்ளத்தைக் குலுக்குகிறது. வேறு சில இடங்களில் கூட்டுக்குரலின் பெருக்கில் மாணிக்கவாசகர் சொற்கள் மூழ்கிவிடுகின்றன. ஆங்கிலம் கலந்ததைப் பலர் குறையாகக் கூறினர். அது அத்துணைப் பெரிய குற்றமன்று. போப்பையர் 1900-இலேயே நூல் முழுவதையும் ஆங்கிலத்தில் ஆக்கிவிட்டார். குற்றம் சொல் கேளாமற் போவதில்தான் உள்ளது. தருமபுரம் சுவாமிநாதன் ஓதிய திருமுறைப் பதிவுகளை முதலில் கேட்டு, பிறகு இதனைக் கேட்பவர்க்கு இரண்டின் பெருமையும் விளங்கும். இதனை மட்டும் கேட்பவர் பாதியையே பெறுவார்.

இனி, இந்நாட்டுக்கு உரிய தொகுப்புக்கு வருவோம். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவர் 'நட்சத்திரா' என்னும் பெயருடன் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' அது. யோகி பி அதற்கு முன்னரே 'பொயட்டிக் அம்மோ' குழுவில் பல மொழிகளில் பாடியவர். 'வல்லவன்' வந்தபோது தமிழாசிரியர்களுள் பலர் முகஞ்சுளித்தனர். இன்றும் சுளிப்போர் உண்டு. அவர்கள் கூறும் குறைகளில் உண்மை இல்லாமலில்லை: குறில் நெடிலாகிறது, நெடில் குறிலாகிறது, ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுகின்றன, ஆங்கிலச் சொல் அழையா விருந்தாய் நுழைகிறது, பாடுபவன் தன்னையே புகழ்ந்துகொள்கிறான்.

கடைசிக் குறையை முதலில் ஆராய்வது நலம். தற்புகழ்ச்சி என்று ஒதுக்கப்படுவதற்குத் தமிழிலக்கணம் ஒரு துறையே வகுத்திருக்கிறது. கரந்தைத் திணையில் வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைப்பது 'நெடுமொழி கூறல்' எனப்படும். போர்க்களத்தில் நிற்பவனுக்கு அது பெருமிதம். களமின்றிக் கூறினால் வெறும் தற்பெருமை. 'வல்லவன்' பாடியவர்களுக்குக் களம் இருந்ததா? தோட்டம் துண்டாடப்பட்டு, பால்மரம் செம்பனையாகவும் செம்பனை வீட்டு மனையாகவும் மாறியபின் பட்டணத்து அடுக்குவீடுகளில் வளர்ந்த ஒரு தலைமுறை, 'நாங்களும் இருக்கிறோம்' என்று சொல்ல ஒரு குரலைத் தேடிற்று. அந்த இளைஞர்கள் செய்தித்தாளில் அடிக்கடி வந்தது கும்பலும் கைகலப்பும் பற்றிய பத்திகளில்தான். அவர்கள் வாயிலிருந்து தமிழ்ச் சொல் வீறுடன் எழுந்ததை நெடுமொழி என்னாமல் வேறென்ன என்பது?

அடுத்து யாப்பு. 'ராப்' என்னும் வகை ஈற்றில் ஒலியொத்து வருவதால் நிற்பது; நம் இலக்கணம் அதனை இயைபு என்கிறது. தமிழின் வலிமையோ அடியின் தலையில் வரும் எதுகையிலும் மோனையிலும் உள்ளது. ஆங்கில ராப்பைப் பின்பற்றித் தமிழில் பாடத் தொடங்குவோர் இயைபோடு நின்றுவிடுவதே பெரும்பான்மை. நட்சத்திரா குழுவினர் மோனையையும் எதுகையையும் தட்டிக் கொடுத்துப் பாடும் இடங்களில் மொழி தானே தாளமாகிறது. அவற்றை விட்டு ஆங்கிலத்தில் புகும் இடங்களில் தாளத்தை மத்தளம்தான் சுமக்க வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டை மாணவரே கேட்டுக் கண்டுபிடிப்பர். அதன்பின் அருணகிரிநாதரின் திருப்புகழில் ஒன்றை எடுத்து, 'தனன தான' என்று சந்தம் பிரித்துக் கையால் தட்டச் செய்யலாம். பதினைந்தாம் நூற்றாண்டிலேயே வல்லினமும் மெல்லினமும் முழக்கமாக அடுக்கப்பட்டிருப்பதை அவர்கள் காண்பர். குறில் நெடில் பிழையைத் திருத்தவும் இதுவே நல்ல தருணம். திருப்புகழில் ஒரு குறில் நெடிலானால் சந்தம் சாய்ந்துவிடும். ஆசிரியர் பிரம்பு எடுக்க வேண்டியதில்லை, தாளமே பிழையைக் காட்டிக் கொடுக்கும்.

'மடை திறந்து' என்னும் பாடல் இத்தொகுப்பில் பெரும்புகழ் பெற்றது. 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டின் மேல் எழுப்பிய கட்டடம் அது. பழைய பாட்டின் மேல் புதுப்பாட்டு எழுவது நமக்குப் புதிதன்று. காவடிச்சிந்து மெட்டில் எத்தனை பேர் எழுதவில்லை! இப்பாடல் கடல் கடந்து தமிழகத்தில் கேட்கப்பட்டதும், யோகி பி பின்னர்த் 'பொல்லாதவன்' (2007), 'விவேகம்' (2017) முதலிய படங்களில் பாடியதும் வேறொரு காரணத்தால் குறிப்பிடத்தக்கவை. பாட்டும் நூலும் எப்போதும் அங்கிருந்தே இங்கு வந்தன. இம்முறை இங்கிருந்து அங்குச் சென்றது.

நான்காவதும் ஐந்தாவதும் ஒருங்கே கேட்கத் தக்கன. 2018-இல் வந்த 'மகிழ்ச்சி', 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினருடையது, இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியாலும் டென்மாவின் இசையாலும் உருவானது. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதிபேதமற்ற' என்னும் அடைமொழியே குழுவின் பெயருக்கு வேர். வடசென்னைக் கானாவும் பறையும் மேலைநாட்டுக் கிதாரும் கூடி, இடஒதுக்கீட்டையும் அம்பேத்கரையும் பாடுகின்றன. மொழி பேச்சுமொழி, கொச்சை என்று தள்ளுவோர் பள்ளு, நொண்டி நாடகங்களையும் தள்ள வேண்டிவரும். ஒன்றிரண்டு பாடல்கள் மேடைப் பேச்சாக நீண்டுவிடுகின்றன என்பதும் உண்மையே.

அக்குழுவில் பாடிய அரக்கோணத்து அறிவு, 2024-இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்னும் தனித்தொகுப்பை வெளியிட்டார். அவர் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கையால் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. போவதா இருப்பதா என்று தோட்டத்து மக்களைக் கேட்டோர் சிலரே. தன் முன்னோரின் பெயரைத் தலைப்பிலேயே வைத்துப் பாடும் பேரனின் குரல் கெடாவின் தோட்டத்து மக்களுக்கு அயற்குரலாக இராது. லயம், கங்காணி, பெரட்டு என்னும் சொற்களுக்கு இங்கு யாருக்கும் பொருள் கூற வேண்டியதில்லை.

பெட்டனாகனார் பெயரைப் பாதுகாத்த பரிபாடல் இங்கு மீண்டும் நினைவுக்கு வருகிறது. 2021-இல் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் பரவிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே அவர் படம் தனி அட்டையாக வந்தது. நிலமற்றோர் பாட்டை எழுதியவனுக்கே அட்டையில் இடமில்லாமற் போனது வெறும் கவனக்குறைவு என்று கொள்வது கடினம்.

வாத்திய இசை விரும்புவோர்க்கு, பழையதாயினும், 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' போதும். தியாகராசரையும் பாஹையும் ஒரு திண்ணையில் அமர்த்திய முயற்சி அது. 2025 மார்ச்சில் அவர் இலண்டனில் அரங்கேற்றிய சிம்பொனியின் தொடக்கத்தை அதில் கேட்கலாம்.

இவ்வரிசையில் தேயிலைத் தோட்டம் இருக்கிறது, வடசென்னை இருக்கிறது, சங்கம் இருக்கிறது; பால்மரத் தோட்டம் இல்லை. மதுரையில் விஜயலட்சுமி – நவநீதகிருஷ்ணன் இணையர் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டி ஒலிநாடாவில் பதிந்தனர். அவ்வேலைக்கு அன்று பெரிய கருவிகள் வேண்டியிருந்தன. இன்று மாணவன் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி போதும். சுங்கைப் பட்டாணி, பீடோங் வீடுகளில் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். பதிவு செய்யுங்கால் பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், நாள் ஆகிய மூன்றையும் பாடலின் அடியில் எழுதி வைத்தல் வேண்டும்.