ஒரு ஷரத்து காலாவதி

கவிஞர் சல்மாவின் ‘ஒப்பந்தம்’ கவிதையைத் தொடங்கிவைப்பது கணவன் இல்லை. தாயும் கூடப்பிறந்தவளும். படுக்கையறையில் எது கோணிப்போனாலும் பழி பெண்மேல்தான் என்பதைத் தாய் ஜாடையாகச் சொல்வாள், மற்றவள் கோபமாகச் சொல்வாள். சேதி ஒன்று, தொனி இரண்டு. ஆண் வாய் திறக்குமுன்பே தீர்ப்பு வீட்டுப் பெண்களின் நாக்கில் ஊறிவிடுகிறது என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன கவிதை வேறு எனக்கு நினைவில்லை.

பிறகு ஷரத்துகள் வருகின்றன. மங்கிப்போனதானாலும் கொஞ்சம் அன்பு. அவன் பிள்ளைக்குத் தாயாகத் தன் கடமை. முடிந்தால் அவன்மேல் கொஞ்சம் அதிகாரம். இவற்றுக்கு நடுவே, மளிகைச் சீட்டில் எழுதியதுபோல, அவன் வெளியிலிருந்து வாங்கிவர வேண்டிய நாப்கினும் கருத்தடைச் சாதனமும். நான் மிகவும் ரசிப்பது இந்த இடத்தைத்தான். காலம், வரலாறு என்று ஓங்கிய கவிதை சட்டென்று மருந்துக்கடைப் படியில் இறங்கி நிற்கிறது. பூப்படைந்ததும் பள்ளி நின்றுபோய், துவரங்குறிச்சி வீட்டுக்குள் வளர்ந்த சல்மாவுக்கு அந்தக் கடை எத்தனை தொலைவு என்பது இரண்டே சாமானில் தெரிந்துவிடுகிறது.

மும்பையின் சயானில் அந்தத் தொலைவு இல்லை. சாயங்கால லோக்கலில் வந்து இறங்கும் தமிழ்ப் பெண், வீட்டுக்குப் போகிற வழியில் மெடிக்கலில் தானே வாங்கிக்கொள்கிறாள். கடைக்காரர் கேளாமலே பழைய பேப்பரில் பொட்டலம் கட்டித் தருவார். அது தனிக் கதை. ஆக, 2000-இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பில் இந்தக் கவிதை வந்தபோது இருந்த ஷரத்துகளில் ஒன்று இந்த ஊரில் காலாவதி. சம்பளமும் கொண்டுவர வேண்டும் என்று புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. மற்றவற்றை யாரும் அடித்ததாகத் தெரியவில்லை. விடிகாலைக் குழாய்த் தண்ணீருக்கு எழுந்திருப்பது யார் என்று பக்கத்துத் தாராவியில் கேட்டுப் பாருங்கள்.

அதிகாரம் கேட்ட ஷரத்துக்குப் பின்கதை உண்டு. 2001-இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. சல்மா நின்று வென்றார். 2025-இல் மாநிலங்களவைக்கே போய்விட்டார். கவிதையில் அவர் கேட்டது, முடிந்தால் கொஞ்சம்!

கடைசி வரி பெண்ணுறுப்பின் பெயரை மறைக்காமல் சொல்கிறது. 2000-களின் தொடக்கத்தில் உடலை எழுதியதற்காகச் சல்மா, குட்டி ரேவதி, சுகிர்தராணி, மாலதி மைத்ரி ஆகிய கவிஞர்களை வசைபாடியவர்கள் அந்தச் சொல்லோடு நின்றுவிட்டார்கள். பக்கத்திலேயே, எல்லாம் தெரிந்தேதான் என்கிற குறிப்பும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அந்த வரி வெறும் சரணாகதி. இருப்பதால், கையெழுத்துப் போடுகிறவள் ஒவ்வொரு ஷரத்தையும் வாசித்துவிட்டுத்தான் போடுகிறாள். அப்படியொரு தாள் இருப்பதே எதிர்த்தரப்புக்குத் தெரியாது.