சகுந்தலா தேவி போட்ட இன்னொரு கணக்கு

சகுந்தலா தேவி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பட்டுப் புடவை, பெரிய பொட்டு, கம்ப்யூட்டரையே தோற்கடித்த மூளை. 1977-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 201 இலக்க எண்ணின் 23-ம் மூலத்தை 50 விநாடியில் மனக்கணக்காகச் சொன்னார். யுனிவாக் கம்ப்யூட்டருக்கு 62 விநாடி ஆயிற்று. உலகம் கை தட்டியது.

அதே 1977-ல் அவர் எழுதிய 'தி வேர்ல்ட் ஆஃப் ஹோமோசெக்சுவல்ஸ்' என்ற புத்தகமும் வந்தது. தன்பாலீர்ப்பு பற்றி இந்தியாவில் வந்த முதல் ஆய்வு என்று இன்று சொல்கிறார்கள். அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆய்வு என்று கறாராகப் பார்த்தால் மார்க் குறையத்தான் செய்யும். அமெரிக்காவின் கின்ஸி, ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்களைப் பேட்டி கண்டு 1948-லேயே புத்தகம் போட்டவர். இவரிடம் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய பேட்டிகள்: இரண்டு இந்திய இளைஞர்கள், கனடாவில் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முயன்ற ஆண் ஜோடி, ஒரு கோயில் அர்ச்சகர். இதை வைத்துக்கொண்டு இந்தியா முழுமைக்கும் எதுவும் சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்த அர்ச்சகரைக் கவனியுங்கள். ஸ்ரீரங்கத்து சமஸ்கிருத பண்டிதர். 'சீச்சீ' என்று எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. போன பிறவியில் ஆணும் பெண்ணுமாகக் காதலித்தவர்களாக இருக்கும், உடம்புதான் மாறியிருக்கிறது, ஆத்மா மாறாது என்கிறார். விஞ்ஞானம் இதை ஒப்புக்கொள்ளாது. இருக்கட்டும். மரியாதையாகக் கேட்டால் எதிர்பாராத இடத்திலிருந்தும் மரியாதையான பதில் வருகிறதே! புத்தகத்தின் பலம் அங்கேதான்.

பின்னாளில், கணவர் தன்பாலீர்ப்பாளர் என்பதால்தான் இதில் அக்கறை வந்தது என்று அவரே ஒரு டாகுமென்டரியில் சொன்னார். மகள் அதை மறுத்தார். 2020-ல் சினிமாவும் வந்தது. அவ்வளவுதான், 'புருஷன் அப்படியா, இல்லையா' என்பதே பேச்சாகிவிட்டது. புத்தகத்தைப் புரட்ட யாருக்கு நேரம்?

அதன் முடிவில் அவர் கேட்டது இரண்டு. ஒன்று, தண்டிக்கும் சட்டம் போக வேண்டும். அது 2018-ல் சுப்ரீம் கோர்ட்டில் நடந்தது, 41 வருடம் கழித்து. இரண்டாவது, பரிதாபப்பட்டு ஓரமாக இடம் கொடுக்காமல் மனிதர்களாக முழுசாக ஏற்பது. இது கோர்ட்டில் கிடைக்கிற சமாசாரம் இல்லை.

அவர் பிறந்த பெங்களூரிலிருந்து சில மணி நேரத்தில் தர்மபுரி. அந்த மாவட்டத்தில் 2012 நவம்பரில், சாதி தாண்டிய ஒரு கல்யாணத்தைத் தொடர்ந்து நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. ஆணும் பெண்ணும் விரும்பியதற்கே இந்தக் கதி. அங்கே ஏதோ ஒரு கிராமத்தில், தன் மனசில் இருப்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கும் ஒரு பெண்ணை யோசித்துப் பாருங்கள். தீர்ப்பு நகல் அவளுக்கு எத்தனை தூரம் துணைக்கு வரும்?

2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில், மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று சொல்லி, மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் உத்தரவு எழுதினார். சகுந்தலா தேவி செய்ததும் இதே வேலைதான்.

ஒரு ஹைகோர்ட் நீதிபதியே பாடம் கேட்கலாம் என்றால் நமக்கென்ன கௌரவக் குறைச்சல்? வீட்டில் பிள்ளை பேச வந்தால், டி.வி-யை நிறுத்திவிட்டு முதலில் முழுசாகக் கேளுங்கள்.