சிவப்புத் திரை

மணப்பாறைப் பேருந்து நிலையத்தில் முறுக்குப் பொட்டலமும் கையுமாக நிற்பவருக்கு, 'இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று ஒரு குறுஞ்செய்தி. பதறி அதிலுள்ள சுட்டியைத் தொட்டால், அது கூகுளின் ஆபத்துப் பட்டியலில் ஏறிவிட்ட மோசடித் தளமானால், குரோம் உலாவி சிவப்புத் திரையை விரிக்கிறது. அந்தச் சிவப்பின்மேல் எனக்குத் தனிப் பிரியம். அது கத்தாது, கடிந்துகொள்ளாது. திரும்பிப் போகும் பொத்தான் பெரிதாகப் பளிச்சென்று நிற்கும்; மீறி நுழையும் வழியோ 'விவரங்கள்' என்ற சொல்லுக்குப் பின்னால் பொடி எழுத்தில் ஒதுங்கியிருக்கும். பதற்றத்தை அறிந்த கை வடிவமைத்தது அது.

அதன் நாசூக்கு இன்னும் அழகு. வழக்கமான அமைப்பில் குரோம், நாம் போகும் முகவரியை அப்படியே கூகுளிடம் ஒப்பிக்காமல், குறியெண்ணாக மாற்றி அதன் முதல் துணுக்கை மட்டும் அனுப்பி ஒத்துப்பார்க்கும். நேற்று முளைத்த தளங்கள் சில நழுவிவிடுவதுண்டு. அகப்பட்டதை எத்தனை முறை தொட்டாலும், சலிக்காமல் அதே சிவப்பு.