கொம்பும் திமிலும்: துணிவு குறித்த ஆங்கிலத் தொடர்களும் சேலம், நாமக்கல் சமவெளி வழக்கும்

திறவுச்சொற்கள்: மரபுத்தொடர், மொழிபெயர்ப்பு, ஏறுதழுவுதல், எருதாட்டம், புறப்புண், நாமக்கல் கவிஞர்

மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் ஆகாது என்பது மொழிபெயர்ப்புப் பாடத்தின் முதல் விதி. துணிவைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர்கள் தமிழுக்கு வருகையில் இவ்விதி எளிதாக மீறப்படுகிறது. நாளிதழ்த் தமிழில் வேரூன்றிவிட்ட ‘முதுகெலும்பில்லாதவர்’, மொழிபெயர்ப்புப் பயிற்சிகளில் தலைகாட்டும் ‘காளையைக் கொம்பைப் பிடித்து அடக்குதல்’ ஆகியன இவ்வழி வந்தவை. கேட்பவருக்கு இவை உடனே விளங்கிவிடுகின்றன. அதனாலேயே, தமிழில் முன்பிருந்த படிமத்தோடு இவை முரண்படுவது கவனத்துக்கு வராமற்போகிறது.

இடரை நேர்நின்று எதிர்கொள்வதை ஆங்கிலம் காளையின் கொம்பைப் பற்றுவதாகக் கூறுகிறது. அமெரிக்காவில் குதிரையிலிருந்து பாய்ந்து, இளங்காளையின் கொம்பைத் திருகித் தரையில் சாய்க்கும் போட்டி இன்றும் நடைபெறுகிறது. அங்குக் கொம்பு, விலங்கை வசப்படுத்த உதவும் கைப்பிடி. சேலம் மாவட்டத்தின் கூலமேடு, தம்மம்பட்டி, நாமக்கல் மாவட்டத்தின் அலங்காநத்தம் ஆகிய ஊர்களின் சல்லிக்கட்டுக் களங்களில் நிலைமை வேறு. வாடிவாசலைக் கடந்து வரும் காளையிடம் வீரர் நாடுவது திமிலை மட்டுமே. திமிலைத் தழுவியபடி குறித்த தொலைவு உடன் செல்பவரே வென்றவர். கொம்பையோ வாலையோ பிடிப்பது விதிமீறல். 2014இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடைக்குப்பின், 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தையொட்டி வந்த நடைமுறைகளும் இதனையே வலியுறுத்தின. களத்தில் விலக்கப்பட்ட செயலை மொழிபெயர்ப்பு வீரமெனப் பாராட்டிக்கொண்டிருக்கிறது.

முல்லைக்கலியில் வீரர்கள் ஏற்றின் கொம்பிடையே பாய்வதும் கழுத்தைப் பற்றுவதும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அச்செயலுக்குப் பெயராக நிலைத்தது ‘தழுவுதல்’. கொல்லேற்றின் கொம்புக்கு அஞ்சுபவனை ஆயர்மகள் மறுபிறப்பிலும் தழுவாள் என்னும் கருத்தும் அங்கேயே வருகிறது. கொம்பு அச்சம் பிறக்கும் இடம். அதனைக் கடந்து தழுவுவதே துணிவு. ஏற்றைத் தழுவியவனையே அவளும் தழுவுவாள். ‘அடக்குதல்’ என்னும் வினை இன்று களத்திலும் வழங்குகிறது என்பது உண்மை. ஆனால் ஆங்கிலத் தொடரின் பெயர்ப்பாக அது வரும்போது இந்த உறவு முற்றிலும் அற்றுப்போகிறது.

பேச்சுவழக்கிலும் கொம்புக்குப் பொருள் வேறு. ‘உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது?’ என்னும் வினா செருக்கைக் கடிகிறது. ‘கொம்பு சீவிவிடுதல்’ பிறரைத் தூண்டி மோதவிடும் சிறுமையைச் சுட்டுகிறது. இவ்விரண்டையும் அறிந்த மாணவர் ‘கொம்பைப் பிடி’ என்பதைத் துணிவுக்குரிய அறிவுரையாக ஏற்பது எங்ஙனம்?

சேலம் வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமானது எருதாட்டம். நீண்ட வடக்கயிற்றை இருபுறமும் பலர் பிடித்திருக்க, ஒருவர் எருதின் முன்நின்று பொம்மையைக் காட்டி அதனை உசுப்புவார். முன்நிற்பவரின் துணிவு, கயிறு பிடித்திருப்போரின் கைகளை நம்பி நிற்பது. தனியொருவரின் பிடியை மட்டும் காணும் ஆங்கிலத் தொடர் இக்கூட்டுத்துணிவைத் தொடுவதே இல்லை.

உடலுறுப்புகளிலும் இம்முரண் உண்டு. ஆங்கிலத்தில் குடல் துணிவின் இருப்பிடம்; தமிழில் வயிறு அச்சத்தின் இருப்பிடம். வயிற்றில் புளி கரைவதும் வயிறு கலங்குவதும் அஞ்சியவர்க்கே. ஈரலைப் பொறுத்தவரை இருமொழிகளும் சற்றே நெருங்குகின்றன: ‘மேக்பத்’ நாடகத்தில் கோழையின் ஈரல் வெளுத்துப்போகிறது, தமிழில் ஈரக்குலை நடுங்குகிறது. ‘கட்ஸ்’ இருக்கிறதா என வினவும் தமிழ் இளைஞர் குடலை நினைப்பதில்லை. படிமம் உதிர்ந்து ஒலியாக மட்டும் வந்த கடன்சொல் அது; தீங்கு குறைவு.

முதுகெலும்பு அத்தகையதன்று. தமிழில் முதுகு, துணிவு தோற்ற இடம். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய தாய் (புறம். 278), மகன் போரில் புறமிட்டான் எனப் பிறர் கூறக்கேட்டு, அது மெய்யாயின் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என வாளோடு களம் புகுகிறாள், சிதைந்து கிடந்த அவன் உடலைக் கண்டு, ஈன்ற பொழுதினும் பெரிதும் மகிழ்கிறாள். புண் மார்பிலா முதுகிலா என்னும் வினாவே இப்பாடல்களின் உயிர்.

மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையிடம் இவ்வினா புதிய வடிவம் பெறுகிறது. 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்த உப்புச் சத்தியாகிரகிகளுக்காக அவர் எழுதிய நடைப்பாட்டு, வாளும் குருதியும் அற்ற போரைப் பாடுகிறது. போர் என்னும் சொல்லை அவர் கைவிடவில்லை. படைக்கலத்தை மட்டும் விலக்கினார். தடியடி பட்ட தொண்டர்கள் திருப்பி அடிக்கவுமில்லை, புறமிடவுமில்லை. புறநானூற்றுத் தாயின் அளவுகோல் வாளின்றியும் செல்லும் என்பதை அந்நிகழ்வு காட்டியது. அத்தொண்டர்களை ‘முதுகெலும்புள்ளவர்கள்’ எனப் புகழ்ந்தால், பகைவர்க்கு அவர்கள் காட்ட மறுத்த பக்கத்தையே புகழ்ந்ததாகும். ‘நெஞ்சுரம்’ என்னும் சொல் வழக்கில் இருக்க, கல்லூரித் தேர்வுத்தாள்களில் ‘முதுகெலும்பு’ என்னும் விடைக்கும் முழு மதிப்பெண் தருவது மறுபரிசீலனைக்குரியது.