மாதிரியும் மெய்ப்பொருளும்: மெலித்தோவின் பஸ்காப் பிரசங்கம் பற்றிய ஒரு திறனாய்வு

சர்தை நகரப் பேராயர் மெலித்தோ இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றிய பஸ்காப் பிரசங்கம், நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1940இல் காம்பல் பானர் என்னும் அறிஞரால் பாப்பிரஸ் ஏடுகளிலிருந்து பதிப்பிக்கப்பெற்றது. யூதப் பண்டிகைகளுக்கும் கிறிஸ்தவ விசுவாசத்திற்கும் உள்ள உறவை ஆராய்வோர் இதனைப் புறக்கணித்தல் இயலாது.

யூதர் பஸ்காவை ஆசரித்த நிசான் 14ஆம் நாளிலேயே தாங்களும் பஸ்காவை ஆசரித்த ஆசியச் சபைகளின் மரபில் வந்தவர் மெலித்தோ. பழைய ஏற்பாட்டு நூல்களின் சரியான பட்டியலை அறியக் கீழ்த்திசைக்குப் பயணம் செய்தவர் என்று யூசேபியஸ் குறிப்பிடுகிறார். மார்சியோன் பழைய ஏற்பாட்டையே தள்ளிய அந்நூற்றாண்டில், ஆபேலில் கொலையுண்டவரும், ஈசாக்கில் கட்டுண்டவரும், யோசேப்பில் விற்கப்பட்டவரும் கிறிஸ்துவே என மெலித்தோ முழங்கினார். இது திருச்சபைக்கு அவர் செய்த பெருந்தொண்டு.

ஆயினும், அவர் கையாளும் ஓர் உவமையை நாம் ஏற்கத் தயங்குகிறோம். சிற்பி மெழுகாலோ களிமண்ணாலோ மரத்தாலோ முதலில் ஒரு மாதிரி செய்கிறான். வேலை முடிந்தபின் அம்மாதிரி பயனற்றதாகி அழிக்கப்படுகிறது. அவ்வாறே, திருச்சபை எழும்பியபோது இஸ்ரவேலும் வெறுமையாயிற்று என்கிறார் மெலித்தோ. யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் மெழுகு மாதிரியோ? செங்கல் அறுத்த அடிமைகளின் கூக்குரலைக் கேட்டுக் கடவுள் இறங்கிவந்த வரலாறு அன்றோ அது! அவ்வரலாற்றை அழித்துவிட்டால், சிலுவையில் விடுதலை அளித்த கடவுள் யார் என்பதை எதைக்கொண்டு அறிவோம்?

மேலும், 'பஸ்கா' என்னும் சொல்லைப் பாடுபடுதலைக் குறிக்கும் கிரேக்க வினையோடு அவர் இணைக்கிறார். எபிரெய மூலச்சொல்லோ கடந்துபோதலையும் காத்தலையும் சுட்டுவது. இதனால் பாடு முன்னிற்க, மீட்பு பின்னிடுகிறது. இறுதியில் பிரசங்கம் இஸ்ரவேலைக் கடவுளைக் கொன்ற இனமெனக் குற்றஞ்சாட்டுகிறது. பிலாத்துவோ கைகழுவியவனாகவே அங்கு வருகிறான். திருச்சபையின் விசுவாசப்பிரமாணம் பிலாத்துவின் பெயரையே சொல்வதை மறத்தலாகாது.

கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா, தாமே எகிப்திலிருந்து புறப்பட்டதாக ஒவ்வொரு தலைமுறையினரும் எண்ணவேண்டும் எனக் கற்பிக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து விடுதலைக்கும், இருளிலிருந்து ஒளிக்கும் கொண்டுவந்தவரைத் துதிக்கச் சொல்கிறது. அதே சாயலான துதியே மெலித்தோவின் வாயிலும் கிறிஸ்துவை நோக்கி எழுகிறது. வெறுமையாயிற்று என்று அவர் கூறிய பண்டிகையின் மொழியே அவருடைய துதிக்கும் மொழியாயிற்று. சர்தையில் 1962இல் அகழ்ந்து காணப்பட்ட மாபெரும் ஜெப ஆலயம், அவருக்குப் பின்னும் சில நூற்றாண்டுகள் அங்கே யூத சமூகம் வாழ்ந்து வழிபட்டதற்குச் சான்று.

கிறிஸ்துவை நம் பஸ்கா என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலே, வேரைக் கிளைகள் தாங்குவதில்லை என்று ரோமருக்கும் எழுதினார். அவருக்கு நிறைவேற்றம் என்பது முந்தினதை அழிப்பதன்று.

பெரிய வெள்ளியன்று பிரசங்கபீடத்தில் நிற்கும் நாம், மெலித்தோவிடம் கிறிஸ்துவைக் காணும் கண்ணைக் கற்போமாக. அவருடைய குற்றச்சாட்டை எதிரொலியாதிருப்போமாக. 'யூதர் கொன்றனர்' என்று எளிதில் சொல்லும் நாவு, தன் பாவத்தை அறிக்கையிட மறந்த நாவே.